உள்மடிப்பில் ஒரு சொட்டு

“கண்ணை இறுக்கி மூடு, ஆடாதேடி...”

“எரியுதும்மா, விடும்மா, நேத்தைவிட...”

“எரியாம? அது என்ன பன்னீரா, குளுகுளுன்னு இருக்க?”

“நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்கேன்! தாடைப் பக்கமெல்லாம் தோலே இல்லாத மாதிரி...”

“தோல் உரிஞ்சாத்தான் புதுத் தோல் வரும். பாம்பு உரிக்கலையா? உரிச்சுப் போட்டுட்டு எப்படிப் பளபளன்னு போகுது!”

“பாம்பு இன்டர்வியூக்கா போகுது?”

இதற்கு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மகளின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பஞ்சை இன்னொரு முறை குப்பியில் கவிழ்த்து நனைத்தாள். கற்பூரத்தையும் பச்சை இலையையும் சேர்த்துக் கசக்கினாற்போன்ற நெடி ஜன்னலோரமெல்லாம் பரவியது. மகளின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் தன் புறங்கையால் துடைத்துவிட்டு, பஞ்சைத் தாடையிலிருந்து கன்னத்துக்கு மெதுவாக இழுத்தாள். அவள் கை ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

“நான் போறது உனக்குப் பிடிக்கலை. அதான் என்னைப் போட்டு அழுத்துறே.”

“பிடிக்காதவதான் நாள் பூரா நின்ன காலோட வந்து உனக்கு ஊழியம் பண்றாளாக்கும். வேண்டாம்னா சொல்லு, கழுவிட்டுப் போறேன். பரு திரும்பி வரும், அதோட போய் நில்லு. அந்தக் கம்பெனிப் பொம்பளை என்ன சொன்னா? சருமம் கொஞ்சம் தெளிவா இருந்தா நல்லா இருக்கும்னாளா இல்லையா?”

மகள் கண்ணை மறுபடி இறுக்கி மூடிக்கொண்டாள். “சரி, பூசு,” என்றாள்.

அம்மா பூசினாள். பூசி முடித்து, வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றை முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். “காத்துப் பட்டா வேலை செய்யாது. காலைல வரைக்கும் அவுக்காதே,” என்றாள். துணி சுற்றிய முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன. சிறு வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் போர்வைக்குள்ளிருந்து பார்ப்பாள்.

அம்மா வேலை பார்க்கும் சலவைக்கடையில் அவளுக்குக் கறையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவளே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கடையின் பின்கட்டில் சலவை இயந்திரங்களுக்கு அப்பால், ஒரு நீளமான இரும்பு மேசையும் அதன் மேல் ஒரு விளக்கும் அவளுடைய ராஜ்ஜியம். எண்ணெய், மை, இரத்தம், துரு, உதட்டுச் சாயம் என்று எந்தக் கறை வந்தாலும் துணி முதலில் அவளிடம்தான் வரும். பத்துப் பதினைந்து பாட்டில்களில் காட்டமான மருந்துகள். எதை எதில் கலப்பது, எவ்வளவு கலப்பது, எந்தத் துணி எதைத் தாங்கும், எது ஓட்டை விழுந்து கையோடு வரும் என்பதெல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். துணியின் உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் வெளியே ஒரு சொட்டு வைக்கக் கூடாது. கடைக்குப் புதிய மருந்து வந்தால் இன்னொரு படி அதிகம். தன் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். விடிந்து அவிழ்த்துப் பார்ப்பாள். தோல் அப்படியே இருந்தால்தான் அந்த மருந்து மேசைக்கு ஏறும். துணிக்கு உள்மடிப்பு, ஆளுக்கு முழங்கை மடிப்பு என்பாள். முதலாளியே அவளைக் கேட்காமல் ஒரு பாட்டிலைத் திறக்க மாட்டார்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. உள்மடிப்புக் கதையை வேண்டுமானால் சோற்றோடு சோறாகக் கேட்டிருப்பாள். கடைப் பக்கம் அவள் வருவதே இல்லை. “அந்த நெடி என் டிரஸ்ல ஒட்டிக்கும்மா” என்று தெருமுனையிலேயே நின்றுவிடுவாள்.

அந்தக் குப்பியில் இருந்தது தோலுக்குப் போடும் டீ ட்ரீ ஆயில். அது வீட்டுக்குள் வந்ததே அம்மாவின் கைக்காகத்தான். ஓயாத ஈரத்தில் விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்து, நகங்கள் மஞ்சளாகத் தடித்துப் போயிருந்தன. மருந்துக்கடைக்காரர் அந்தச் சின்னப் பழுப்புக் குப்பியை எடுத்துக் கொடுத்தபோது, சலவைக்கடை இஸ்திரிக்காரர் பக்கத்தில் நின்று, “டீ மரத்து எண்ணெயா? அப்ப காபி மரத்து எண்ணெய் எதுக்கு, கண்ணுக்கா?” என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரிக்கிற ஆளில்லை.

“நேரா போடக் கூடாதும்மா. தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டிக்கு இது ரெண்டு மூணு சொட்டு. அவ்வளவுதான்.”

“இயற்கைதானே? அட்டையில இலை போட்டிருக்கே.”

“பாம்பு விஷமும் இயற்கைதான். கலந்துதான் போடணும். வெயில்ல வைக்காதீங்க, பழசாச்சுன்னா இன்னும் கடிக்கும்.”

கலப்பதைப் பற்றிக் கறையக்காவுக்கு யாரும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. கலந்தாள், தடவினாள், விரலிடுக்கு ஆறியது. அதைப் பார்த்துத்தான் மகள் பிடித்துக்கொண்டாள். “ஃபோன்லகூட இதைத்தாம்மா சொல்றாங்க. பருவுக்கு இதைவிட மருந்தே இல்லையாம். கெமிக்கலே கிடையாது. எனக்கும் போட்டு விடேன்.”

மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. கிடைத்த மாதிரிதான். முகத்துக்குப் பூசுகிற கிரீம்களை விற்கும் பெரிய கம்பெனி. எங்கோ ஒரு தூரத்து ஊர் விமான நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே, வெள்ளை விளக்குக்குக் கீழே நிற்க வேண்டும். தங்க இடம் அவர்களே கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை பெட்டியோடு போய் நேரில் முகத்தைக் காட்டிவிட்டால் முடிந்தது.

முதல் வாரம் அம்மா அடுக்களையில் சின்னக் கிண்ணத்தில் கலந்து எடுத்து வந்துதான் பூசினாள். பருக்கள் அடங்கின. தாடையில் இருந்த சிவப்பு வடிந்து, கன்னம் கழுவிய பீங்கான் மாதிரி ஆயிற்று. ஒருநாள் காலை கண்ணாடி முன்னால் நின்ற மகளைப் பார்த்து, இவளா நம் வயிற்றில் பிறந்தாள் என்று அம்மாவே அசந்துபோனாள். அசந்த அடுத்த நிமிடமே அந்த நினைப்பும் வந்தது. இவள் போய்விடுவாள். மூத்தவனும் இப்படித்தான் போனான். “செட்டில் ஆனதும் கூட்டிட்டுப் போறேம்மா” என்றான். இப்போது பேசினால், பேச ஆரம்பிக்கும்போதே, “ஒரு கால் வருதும்மா, வெச்சிடறேன்” என்கிறான். அவனுடைய கட்டிலில் இப்போது மடிக்காத துணிகள் படுத்துக் கிடக்கின்றன.

அதுகூடப் போகட்டும். அன்று சாயங்காலம் அந்தக் கம்பெனிப் பெண்ணோடு மகள் ஃபோனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். மகள் ஃபோனைச் சட்டென்று நெஞ்சோடு கவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “அந்தப் பக்கம் போம்மா, கை தெரியுது!” என்றாள்.

ஆள் தெரிகிறது என்றுகூடச் சொல்லவில்லை. கை தெரிகிறதாம்.

அம்மா அந்தப் பக்கம் போனாள். அடுக்களையில் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பழுப்புக் குப்பியை எடுத்தாள். இன்னொரு கை வழக்கம்போலத் தேங்காய் எண்ணெய்க்காக அலமாரிக்குப் போனது, பாதி வழியில் நின்றது. நின்ற கை திரும்பி வந்து, வேலைக்குச் சேலை மேல் போடும் முழுக்கைச் சட்டையின் கையை மேலே சுருட்டியது. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு, கலக்காமல். மேலே ஒரு துணி. இறுக்கி ஒரு கட்டு. மகளிடம் அன்றைக்கு, “தலை வலிக்குது, நாளைக்குப் பூசறேன்,” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் அவிழ்த்துப் பார்த்தபோது அந்த இடம் சுட்டெடுத்தாற்போல் சிவந்து, நடுவில் நீர் கோத்துக் கொண்டிருந்தது. கறையக்கா அதை விளக்கு வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தாள். மேசைக்கு வந்த துணியைப் பார்ப்பது போலவே பார்த்தாள். தாங்காது என்று தெரிந்துகொண்டாள். சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள். குப்பியைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில், நேர் வெயிலில் வைத்தாள்.

“ஏம்மா இன்னைக்கு இப்படிக் காந்துது?” என்று மகள் கேட்ட முதல் நாள், “குப்பியோட அடியில இருக்கறது கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும்,” என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மகளுக்குப் பூசிவிட்டு அடுக்களைக்குப் போய், தன் விரலிடுக்குக்கு மட்டும் ஒழுங்காகத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மகள் துணியை அவிழ்த்தபோது, துணியோடு தோலும் வந்தது.

அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரி கீழே இறங்கி வந்துவிட்டாள். கன்னம் இரண்டும் வீங்கி, தாடை முழுக்கக் கொப்புளம் வெடித்து நீர் கசிந்து, ஒரு கண் பாதிதான் திறந்தது. வாசலில் பூட்டித் தயாராக நின்ற பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, மகள் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தாள். முகம் காட்டாமல் செய்தாள். அந்தப் பக்கத்துக் குரல் தேன் மாதிரி இருந்தது. “அடடா. உடம்பைப் பார்த்துக்கோங்க. இல்லை, ஒரு வாரமெல்லாம் காத்திருக்க முடியாதுங்க, இன்னொருத்தங்க ரெடியா இருக்காங்க. அடுத்த தடவை பார்க்கலாம்.” அம்மா பின்னால் நின்று ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழியும் கை ஒரு நொடி நின்று, மறுபடி பிழிந்தது.

டாக்டர், “கலக்காமலேயே போட்டீங்களா?” என்று கேட்டார். “எங்களுக்கென்ன தெரியும் டாக்டர்? படிச்சவங்களா நாங்க? இயற்கைன்னு சொன்னாங்க, நம்பிட்டோம்,” என்று அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒரு கறைக்கு மூன்று மருந்தைக் கணக்குப் பிசகாமல் கலக்கிறவள் அவள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பை வாங்க மருந்துக்கடைக்குத்தானே போக வேண்டும்? மகள் படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“நீங்கெல்லாம் மனுஷங்களா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? பாருங்க! நல்லாப் பாருங்க என் மூஞ்சிய!”

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“அம்மா, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னேனா இல்லையா?”

“என்னமோ சொன்னீங்க,” என்றாள் அம்மா. “வாய்க்குள்ள கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு முணுமுணுத்தா எனக்கென்ன புரியும்?”

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “வியாபாரம் ஆனா போதும் இவங்களுக்கு,” என்றார். மருந்துக்கடைக்காரரின் காது மடல் சிவந்தது. களிம்பை எடுத்து உறையில் போட்டு, உறையின் வாயை மடித்து, மடித்ததையே இன்னொரு தடவை மடித்தார். “சொன்னேன்மா,” என்றார் கடைசியாக. அது யாருக்கும் சொன்னதாக இல்லை. அதற்குப் பிறகு கறையக்கா அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் அவர் உள்பக்க அலமாரியில் எதையோ தேடுவார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். “நீ என்ன பண்ணுவேம்மா, உனக்கு என்ன தெரியும்? நீ நல்லதுக்குத்தான் பண்ணே. நான்தான், நீ என்னைப் போட்டு அழுத்துறேன்னு உன்னைத் திட்டினேன்.” அம்மா அவள் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். இதைவிட இனிப்பாக ஒரு பேச்சை அவள் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

பிறகு வந்தது நல்ல காலம். அம்மாவின் கணக்கில்தான். மகள் வெளியே போகவில்லை. தோழிகள் வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. ஃபோன் பெரும்பாலும் கவிழ்ந்தே கிடந்தது. அம்மா வேலை விட்டு வரும்போது வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாயைப் பெரிதாகத் திறந்தால் கன்னம் வலிக்கும் என்று கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். “இன்னும் ஒரு வாய்டி குட்டி,” என்பாள். மூத்தவன் ஃபோனில், “ஏம்மா, அவ வேலைக்குப் போகலையா?” என்று கேட்டபோது, “அவளுக்கு என்னை விட்டுப் போக மனசு வரலைடா,” என்று மகளின் காதுபடவே சொன்னாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புண் ஆறியது, நிறம் ஆறவில்லை. தாடையிலிருந்து கன்னம் வரை, பஞ்சு போன வழியெல்லாம், காய்ந்த தேயிலை நிறத்தில் திட்டுத்திட்டாகத் தங்கிவிட்டது. கொஞ்ச நாளாகும் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று அவரும் சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கடைசியில் மகளேதான் கேட்டாள், “உங்க கடையில ஏதாவது இருக்காம்மா?” என்று. முதலாளி அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “முன்னாடி கவுன்டர்ல ஆள் வேணும்தான். ஆனா... பின்கட்டுலயே இருக்கட்டும் கறையக்கா. கஸ்டமர் பார்த்தா நம்ம மருந்துதான் பட்டுடுச்சோன்னு நினைப்பாங்க,” என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா, “அதுக்கென்ன முதலாளி, என் பக்கத்துலயே இருக்கட்டும்,” என்றாள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை அன்று காலையே துடைத்துப் போட்டு வைத்திருந்தாள்.

அப்படித்தான் நெடி ஒட்டிக்கொள்ளும் என்று தெருமுனையில் நின்றவள் நெடிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தாள். கை சுத்தமாக வேலை செய்தது. அம்மாவின் கையேதான். யாரோ ஒரு மணப்பெண்ணின் வெள்ளைப் பட்டில் மை கொட்டியிருந்தது. அன்று அதுதான் மேசையில் கிடந்தது.

“முதல்ல எங்கே வைக்கணும்?”

“உள்மடிப்புல.”

“எவ்வளவு?”

“ஒரு சொட்டு. வெச்சுட்டுப் பொறுத்துப் பார்க்கணும்.”

“பொறுக்கலைன்னா?”

“துணி போயிடும். போனா திரும்பாது.”

“என் ராஜாத்தி!” என்றாள் அம்மா. பூரித்துப் போய் இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா அண்ணே?”

“கேட்டேன், கேட்டேன். புலிக்குப் பிறந்தது பூனையாவா ஆகும்?” இஸ்திரிக்காரர் இயந்திரத்தை அழுத்த, வெள்ளை நீராவி புஸ்ஸென்று எழுந்து பின்கட்டையே மூடியது. அன்றைக்கு வெக்கை அதிகம். அம்மாவின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. பட்டின் மேல் சொட்டிவிடுமே என்று பின்வாங்கி, துடைத்துக்கொண்டு, அந்த வேகத்தில் சட்டைக் கைகள் இரண்டையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள். இத்தனை மாதமாக ஒருநாளும் மறந்ததில்லை. மனதில் சந்தோஷம் வந்து உட்கார்ந்தால் கவனம் எழுந்து போய்விடும் போலிருக்கிறது.

“பிரஷ்ஷை எடு,” என்று கையை நீட்டினாள்.

மகள் பிரஷ்ஷை எடுத்தாள். கொடுக்கவில்லை. விளக்கு வெளிச்சம் நேராக முழங்கை மடிப்பில் விழுந்திருந்தது. ஒரு காசு அகலத்துக்கு ஒரு திட்டு. காய்ந்த தேயிலை நிறம்.

“இது என்னம்மா?”

“எது? அதுவா... நீராவி பட்டுதுடி. எப்பவோ. அதை விடு, மை காயுது பார்...”

“நீராவியா?” இஸ்திரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்கம்மா மேலயா? இத்தனை வருஷத்துல ஒரு ரோமம் கருகினதில்லை பாப்பா! அது மருந்து வெச்சுப் பார்த்த இடமா இருக்கும். புதுசா எது வந்தாலும் சரி, முதல்ல தன் மேல ஒரு சொட்டு. அதைக் கட்டிக்கிட்டுப் படுத்து, விடிஞ்சு பார்த்துட்டுத்தான் துணில கையை வைப்பா. பார்க்காம வெச்சதா சரித்திரமே கிடையாது. சும்மாவா கறையக்கான்னு பேர்!”

நீராவி மெல்லக் கலைந்தது. அம்மா சட்டைக் கையை இறக்கப் போனாள். மகள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற பிடி அல்ல. அந்தக் கையைத் திருப்பி விளக்குக்கு அடியில் வைத்து, உள்மடிப்பைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்த திட்டைத் தொட்டபடியே கேட்டாள்.

“அம்மா, இது என் மூஞ்சில பூசறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”